மாப்பிள்ளைக்கு வராத வலிப்பு

மணவாள நகர்,
22-1-1974

மாமாவுக்கு ராஜமாணிக்கம் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போலத் தொடங்கத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை பொங்கல் கரும்போடு வந்தீர்கள். "மாப்பிள்ளை வேலை செய்யற கம்பெனிய ஒருவாட்டி பாக்கணும்" என்றீர்கள். பெருமையாக இருந்தது. வாட்ச்மேன் வரதனிடம் கெஞ்சி உள்ளே அழைத்துப்போனேன். சைக்கிள் பெல்லின் மூடி எப்படித் தகட்டிலிருந்து வெட்டுப்பட்டு விழுகிறது என்று என் பிரஸ் மிஷின் முன்னால் நிறுத்திக் காட்டினேன். நீங்கள் வாயே திறக்கவில்லை. பிறகு, "மானேஜருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடறேன்" என்று அவர் அறைக்குள் போனீர்கள். கும்பிடு போட இத்தனை நேரமா என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை மானேஜர் என்னைக் கேட்டிலேயே நிறுத்தினார்.

"ராஜமாணிக்கம், இனிமே மிஷினத் தொடாத. உனக்கு வலிப்பு வருமாமே?"

"எனக்கா? யார் சார் சொன்னாங்க?"

"உன் மாமனாரே சொன்னார்ப்பா. கண்ணுல தண்ணியோட சொன்னார். வலிப்புக்காரன பிரஸ்ல நிக்க வெச்சு, நாளைக்கு எதனா ஆச்சுன்னா உள்ள போறது நான்."

டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவரும்வரை சம்பளமில்லா லீவு. மாமா, எனக்கு எப்போது வலிப்பு வந்தது? எந்த ஊரில்? நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்? எனக்கும் அந்தச் செய்தியைக் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே.

செய்தி பெயின்ட் செக்‌ஷன் வரை பரவிவிட்டது. கேட்டருகே ஒரு தும்மல் போட்டேன். அவ்வளவுதான். நாலு பேர் ஓடிவந்து என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஒருவன் ஸ்பேனரையே திணித்தான். "இரும்ப உடாத, கெட்டியா புடிச்சிக்கோ" என்று கத்தினான். தும்மல் என்று நான் சொல்லச் சொல்ல, "பாவம், ஒளறான்" என்றார்கள்.

உங்கள் மகள் கிரேஸிடம் வந்து சொன்னேன். "எங்க நைனா அப்டியெல்லாம் சொல்லமாட்டாரு" என்றாள். அடுப்பை ஊதிவிட்டு யோசித்தாள். "சொன்னாலும் சொல்லியிருப்பாரு" என்றாள்.

பதில் போடுங்கள். சுற்றி வளைக்காமல் போடுங்கள்.

ராஜமாணிக்கம்


பொதட்டூர்பேட்டை,
29-1-1974

கர்த்தரின் கிருபையால் நலமாயிருக்கும் மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் மாடுகளும் கிணற்றுத் தண்ணீரும் சுகம். மல்லாட்டைக்கு இரண்டாம் களை எடுத்தாகிவிட்டது. இந்த வருஷம் கடலைக் கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது. கிரேஸிடம் சொல்லவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் மரியாதை சற்றுக் குறைவாக இருந்தது. கோபத்தில் எழுதியிருப்பீர்கள் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மானேஜரிடம் நான் பேசியது உண்மை. என்ன பேசினேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை நினைவில் இல்லை. வயதாகிறது அல்லவா? போன மார்கழியில் இங்கே வந்திருந்தபோது உங்களுக்கு ஜுரம் வந்தது. கட்டிலே ஆடுகிற அளவுக்கு உடம்பு நடுங்கிற்று. அதைத்தான் சொல்லியிருப்பேன். படித்தவர், அவர் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

எது நடந்தாலும் நன்மைக்கே என்று எண்ணுங்கள். என் அப்பன் ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுதான். நான் எனக்கென்று துண்டு நிலம் வாங்கி, கிணறும் வெட்டினேன். அதைப் பார்க்க ஆள் இல்லை. இரும்பைக் கட்டிக்கொண்டு எதற்காக மாரடிக்கிறீர்கள்? கிரேஸை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கத்தரியும் வெண்டையும் உங்களிடம் சர்டிபிகேட் கேட்காது.

கிரேஸுக்கு என் ஆசீர்வாதம். அவள் கேட்ட மோர்மிளகாய் போட்டுவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசீர்வாதம், சபை மூப்பர்


மணவாள நகர்,
11-2-1974

மாமாவுக்கு,

ஜுரத்தில் நடுங்குவதும் வலிப்பும் ஒன்று என்றால் மார்கழி மாதத்தில் இந்த ஊரே வலிப்பில் கிடக்க வேண்டும்.

நீங்கள் சொன்னதைப் பொய் என்று காட்ட டாக்டரிடம் போனேன். கண்ணை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். சின்னச் சுத்தியலால் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். கால் தானாக எகிறியது. எனக்கு உயிரே போய்விட்டது. "டாக்டர், இது நீங்க தட்டினதால எகிறிச்சி, நானா எகிறல" என்றேன். அவர் சிரித்துவிட்டு, வலிப்பு எதுவும் இல்லை, நல்ல திடகாத்திரமான ஆள் என்று சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார்.

அதை மானேஜர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"டாக்டர் உன்ன அரை மணி நேரம் பாத்தார். மாமனார் கல்யாணத்துலேர்ந்து பாக்கறார். பொண்ணக் குடுத்தவரே மாப்பிள்ளைக்கு வலிப்புன்னு சொல்றார்னா, அதுல பொய் இருக்குமாப்பா? நீயே சொல்லு."

மாமா, அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. உலகத்தில் எந்த மாமனாரும் செய்யாததை நீங்கள் செய்திருப்பதால்தான் அது உண்மை மாதிரி இருக்கிறது.

இப்போது ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறேன். நானே வெட்டிய பெல் மூடிகள் பொருத்திய சைக்கிள்கள் ரிப்பேருக்கு வருகின்றன. அவற்றை அடித்துப் பார்க்கக்கூட மனம் வரவில்லை.

மற்றதை விடுங்கள். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். புறப்பட்டு வந்து, மானேஜரிடம், "நான் சொன்னது பொய்" என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

ராஜமாணிக்கம்


பொதட்டூர்பேட்டை,
25-2-1974

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வந்தேன், சொன்னேன், திரும்பினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வீட்டுக்கு வர முடியவில்லை. கிரேஸ் வருத்தப்பட வேண்டாம். மோர்மிளகாயை வாட்ச்மேன் வரதனிடம் கொடுத்திருக்கிறேன்.

மானேஜர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "மாப்பிள்ளைக்கு வலிப்பு இல்லீங்க" என்றேன். அவர், "பெரியவரே, அன்னிக்கு இருக்குன்னீங்க. இன்னிக்கு இல்லேங்கறீங்க. இதுல எந்த நாள் பொய் சொன்னீங்க?" என்று கேட்டார்.

நான் சபை மூப்பர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். வேற்று மனிதர் முன்னால், நான் பொய்யன் என்று எப்படிச் சொல்வது? அதே சமயம் உங்கள் காரியமும் நடக்க வேண்டும். ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். வழி கிடைத்தது.

"ரெண்டு நாளும் நெஜந்தான் சார். அன்னிக்கு இருந்திச்சி. சபையில ஜெபம் பண்ணோம். இப்ப சொஸ்தமாயிடிச்சி" என்றேன்.

மானேஜர் தலையை ஆட்டி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மிகவும் மரியாதையாக வாசல் வரை வந்து வழியனுப்பினார். காரியம் முடிந்தது என்றே நினைக்கிறேன். என்றைக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று எழுதவும்.

ஆசீர்வாதம்


மணவாள நகர்,
4-3-1974

திரு. ஆசீர்வாதம் அவர்களுக்கு,

வேலைக்குக் கூப்பிடவில்லை. 'வலிப்பு நோய் இருந்தது. ஜெபத்தால் குணமானதாக மாமனார் கூறுகிறார். மறுபடி வரக்கூடும்' என்று என் பெயருக்கு எதிரே எழுதியிருக்கிறார்கள். முன்பு வாய்வார்த்தையாக இருந்ததை இங்க்கில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அதனால் திருவள்ளூரில் வக்கீல் ஸம்பத்குமாரைப் போய்ப் பார்த்தேன். கோயில் குடும்பத்து மனிதர், நெற்றியில் பளிச்சென்று நாமம். முழுவதையும் கேட்டார்.

"இது அவதூறு. ஐந்நூறாவது செக்‌ஷன். ஒருத்தன் பொழப்பக் கெடுக்கற மாதிரி மொதலாளிகிட்டப் பொய் சொன்னா சும்மா விட்டுடுவாளா? ரெண்டு வருஷம் வரைக்கும் வெறுங்காவல். இல்லேன்னா அபராதம். இல்லேன்னா ரெண்டும். சரி, எதிரி யாரு?"

"மாமனாருங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஆம்படையாள் மேல கேஸ் போட வருவா, அண்ணன் தம்பி மேல வருவா. மாமனாரை உள்ள தள்ள வந்த மொத கட்சிக்காரன் நீர்தான்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மானேஜரைப் போய்க் கேட்டேன். "கோர்ட்டே பொய்னு சொல்லிட்டா நான் என்னப்பா சொல்லப்போறேன்? மறுநாளே மிஷின்ல நில்லு" என்றார். எனவே எனக்கு வேறு வழி இல்லை. நீங்கள் பொய் சொன்னீர்கள் என்பதை நீங்கள் சொல்லமாட்டீர்கள். மாஜிஸ்திரேட்டைக் கொண்டு சொல்ல வைக்கிறேன்.

கிரேஸிடம் சொன்னேன். "போடு. எங்க நைனாவுக்கு வேணும்" என்றாள். கையெழுத்துப் போடக் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, "ஆனா அவர ஜெயில்ல வெச்சிட்டா நீயும் அங்கியே தங்கிடு, ஊட்டுக்கு வராத" என்றாள்.

இப்படிக்கு,
த. ராஜமாணிக்கம்


பொதட்டூர்பேட்டை,
12-4-1974

மாப்பிள்ளைக்கு,

சம்மன் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதன்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டம். நான் முழங்காலில் நிற்கிறேன். கோர்ட் சேவகன் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஊருக்கே கேட்கும்படி, "எதிரி ஆசீர்வாதம் யாருப்பா? எதிரி ஆசீர்வாதம்!" என்று கூப்பிடுகிறான். எனக்கு இந்த வயதில் எதிரி என்று ஒருவரும் கிடையாது. நானே எதிரியாக ஆனது அன்றைக்குத்தான். அத்தனை பேரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விடாமல் திறந்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பொய்ச்சாட்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். என்னைப் பார்க்காமல் செய்தார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பரவாயில்லை. நானும் வக்கீல் வைத்துவிட்டேன். திருவள்ளூர் ராமபத்ரன். உங்கள் ஸம்பத்குமாருக்கு அத்தை மகனாம். கோர்ட்டில் இவர் எழுந்தால் அவர் உட்கார்ந்துவிடுவார் என்று சொல்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பத்து மணிக்கு வழக்கைக் கூப்பிடுவார்களாம். இங்கிருந்து காலை பஸ்ஸில் வந்தால் சரிப்படாது. ஆகவே முந்தின நாளே வந்து உங்கள் வீட்டில் தங்குவதாக இருக்கிறேன். வேறு எங்கே தங்குவது? லாட்ஜில் தங்கினால் மகள் வீடு இருக்கும்போது இவன் ஏன் லாட்ஜுக்குப் போனான் என்று நாலு பேர் பேசமாட்டார்களா? வழக்கு கோர்ட்டில். உறவு வீட்டில்.

கிரேஸிடம் குழம்பில் புளி குறைக்கச் சொல்லவும். விசாரணை நாளில் எனக்கு நெஞ்செரிச்சல் இருக்கக்கூடாது.

ஆசீர்வாதம்


மணவாள நகர்,
17-6-1974

மாமாவுக்கு,

நேற்று முன்தினம் வரை என் கட்டிலில் படுத்திருந்தவருக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. நேரில் பேசலாம் என்றால், பேச வாயெடுத்தபோதெல்லாம் நீங்கள் ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டீர்கள்.

வழக்குப் போட்டவன் தரையில். எதிரி கட்டிலில். அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை. காலையில், "மாப்பிள்ளை, கூண்டுல ஏறினா முணுமுணுக்காதீங்க. தெளிவா, கோவமா சொல்லுங்க" என்று எனக்கு எப்படிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தீர்களே, அதை என்னவென்று சொல்வது?

பிறகு நாம் கோர்ட்டுக்குப் போன அழகு. நான் சைக்கிள் மிதிக்க, நீங்கள் பின்னால் கேரியரில். கோர்ட் வாசலில் ஸம்பத்குமார் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மத்தியானம் கிரேஸ் கொடுத்தனுப்பிய ஒரே பொட்டலத்தை வேப்பமரத்தடியில் பிரித்து இரண்டு பேரும் சாப்பிட்டபோது அவரால் தாங்க முடியவில்லை. "ஓய், எதிரியும் வாதியும் ஒரே எலையில சாப்பிட்டா மாஜிஸ்திரேட் என்னங்காணும் நினைப்பார்?" என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டுவிட்டு அவரும் ராமபத்ரனும் சேர்ந்து காப்பி குடிக்கப் போனார்கள்.

விளையாட்டு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு உங்கள் வக்கீல் என்னைக் கேட்ட கேள்விகள் இரண்டு நாளாக என் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன.

"மார்கழியில உமக்கு ஜுரம் வந்துதா?" "வந்திச்சிங்க."

"ஒடம்பு நடுங்கித்தா?" "நடுங்கிச்சிங்க."

"அதை எதிரி கண்ணால பார்த்தாரா?" "பாத்தாருங்க."

"மருமகன் மிஷின்ல விழுந்துடப்போறானேன்னு நல்லெண்ணத்துல ஒரு தகப்பன் ஸ்தானத்துல சொன்னார்னு நான் சொல்றேன். இல்லேன்னு சொல்ல முடியுமா உம்மால?"

என்னால் சொல்ல முடியவில்லை. ஸம்பத்குமார் வெளியே வந்து விளக்கினார். நல்லெண்ணத்தோடு, நம்பிச் சொன்னார் என்று ஆகிவிட்டால் சட்டத்தில் குற்றம் இல்லை. உங்களை விட்டுவிடுவார்கள். சந்தோஷம். ஆனால் அதன் பொருள் என்ன தெரியுமா, மாமா? எனக்கு வலிப்பு இருப்பதாக நம்ப நியாயம் உண்டு என்று கோர்ட்டே சொன்னதாகிவிடும். அதற்கப்புறம் பெல் கம்பெனி மட்டுமில்லை, இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனிக் கேட்டிலும் என்னை ஏற்றமாட்டார்கள்.

நீங்கள் ஜெயித்தால் நான் ஒழிந்தேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் எல்லாம் பஞ்சர் ஒட்டி ஒட்டியே தீர்ந்துவிட்டது.

ராஜமாணிக்கம்


பொதட்டூர்பேட்டை,
26-6-1974

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து இன்னொரு தடவை படித்தேன்.

ராமபத்ரன் ஆள் அனுப்பியிருந்தார். கேஸ் நம் கையில் என்கிறார். நான் எதிலும் ஜெயித்ததில்லை, மாப்பிள்ளை. கிணறு வெட்டியபோதுகூட முதலில் பாறைதான் வந்தது. பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றேன், தோற்றேன். இதில் ஜெயிக்கிறேன் என்று ஒரு பெரிய வக்கீல் சொல்லும்போது, கேட்க இதமாகத்தான் இருக்கிறது. அதை மறைப்பானேன்.

சபையிலும் இப்போது என்னைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறார்கள். விடுதலை என்று தீர்ப்பு வந்தால் மறுபடி தட்டு ஏந்தலாம். தண்டனை என்றால் மூப்பர் பதவி போய்விடும். பாஸ்டர் வாய்விட்டுச் சொல்லவில்லை. காணிக்கைத் தட்டை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்திருக்கிறார்.

தீர்ப்புக்கு முந்தின நாள் வருவேன். இந்தத் தடவை தரையில் படுத்துக்கொள்கிறேன். புளி எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆசீர்வாதம்


மணவாள நகர்,
20-7-1974

அன்புள்ள மாமாவுக்கு,

வேலைக்குப் போய்விட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை நான் தீர்ப்பு நகலுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள், நீங்கள் என்னைப் பார்க்காமலேயே பஸ் ஏறிவிட்டீர்கள். ஆகவே அன்று காலை கூண்டுக்கு வெளியே இருந்து பார்க்க அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

ராமபத்ரன் எழுந்தார். தகப்பன் பாசம், தர்ம சாஸ்திரம், ஆங்கிலத் தீர்ப்புகள் என்று எடுத்து விட்டார். மாஜிஸ்திரேட் தலையை ஆட்டிக் கேட்டார். நம் மானேஜர் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவரும் தலையை ஆட்டினார். ஸம்பத்குமார் என் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்தது, இனிமேல் பஞ்சர்தான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கூண்டுக்குள்ளிருந்து உங்கள் குரல் வந்தது.

"சாமி, வக்கீல் ஐயா சொல்றது எதுவும் நெஜமில்ல."

ராமபத்ரன் அப்படியே நின்றுவிட்டார். "ஓய், சும்மா இரும்" என்றார்.

"சும்மா இருந்துதான் இவ்ளோ பேஜாரு ஆயிடிச்சி. சாமி, என் மாப்பிள்ளைக்கு வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கறாரு. ஜெபத்துல சொஸ்தமாச்சின்னதும் பொய். நான் தெரிஞ்சேதான் சொன்னேன். நல்லெண்ணம்லாம் இல்ல. பொய், பொய், பொய்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். "எதற்காகப் பொய் சொன்னீர்?" என்று கேட்டார். நீங்கள் பின் பெஞ்சைப் பார்த்தீர்கள். பிறகு, "பொண்ணு என் பக்கத்துல இருக்கணும்னு ஆசைங்க" என்றீர்கள்.

அபராதமும், கோர்ட் கலையும்வரை காவலும் என்று தீர்ப்பு. ராமபத்ரன் கட்டுகளை அள்ளிக்கொண்டு, "முப்பது வருஷ சர்வீஸ்ல என்னைத் தோக்கடிச்ச மொத ஆள் என் கட்சிக்காரனேதான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அபராதத்தை நான்தான் கட்டினேன். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்து, "புகார் குடுத்தவரே கட்டறீரா?" என்றார். "எங்க ஊட்டு ஆளுதாங்க" என்றேன்.

மானேஜர் சொன்ன வார்த்தை தவறவில்லை. மறுநாளே மிஷினில் நிறுத்தினார். சாவிக்கொத்து கொடுத்தவர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு தடவை தும்மிவிட்டேன், ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று மனதில் ஆறவில்லை. மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்காகவா என் பிழைப்பில் கை வைத்தீர்கள்? கிரேஸ் அதை நம்பவில்லை. "எங்க நைனா அப்டி ஆளு இல்ல. என்ன கட்டிக்குடுத்த அன்னிக்கே, உன் ஊடு இனிமே அதான்னு சொன்னவரு" என்கிறாள். உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
ராஜமாணிக்கம்


பொதட்டூர்பேட்டை,
29-7-1974

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் மிஷினுக்குத் திரும்பியது பற்றிக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். முழு மனதோடு சொன்னேன் என்று எழுத முடியவில்லை.

முதலில் காவல் விஷயம். பயந்தது போல ஒன்றும் இல்லை. கோர்ட்டுக்குள்ளேயே சுவரோரம் ஒரு பெஞ்சு. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள், அவர் திருத்தணிப் பக்கம். கிரேஸ் சோறு கொண்டுவந்தாள். அவருக்கும் போட்டாள். என்னைப் பார்த்து அழுவாள் என்று நினைத்தேன். "இன்னா நைனா, ஜெயிலு எப்டி கீது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்துவிட்டேன். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். தண்டனை பெற்றவன் சிரிக்கக்கூடாது போலிருக்கிறது. சாயங்காலம் அவர் எழுந்து போனார், நானும் எழுந்து போனேன். உங்களைப் பார்த்தால் நீங்கள் கேட்பீர்கள், கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் ஓடிவந்துவிட்டேன். இப்போது கடிதத்தில் கேட்டுவிட்டீர்கள்.

கோர்ட்டில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்ட கையோடு இன்னொரு பொய் சொன்னேன். எதிரியிடம் சத்தியம் வாங்குவதில்லை என்று ராமபத்ரன் முன்னமே சொல்லியிருந்தார். பரலோகத்திலும் அந்தச் சலுகை உண்டு என்று நம்புகிறேன்.

அன்றைக்குக் கம்பெனியில் உங்கள் மிஷினைக் காட்டினீர்கள். தகட்டை உள்ளே வைக்கிறீர்கள், கையை எடுக்கிறீர்கள், மேலேயிருந்து அது இறங்குகிறது. வைக்கிறீர்கள், எடுக்கிறீர்கள், இறங்குகிறது. நீங்கள் என்னிடம் பேசிக்கொண்டே செய்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, திறந்தால் உங்கள் கவனம் சிதறிவிடும் என்று திறக்கவில்லை.

பக்கத்து மிஷின்காரர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்து வாங்கினேன். வாங்கும்போதுதான் பார்த்தேன். ஒரு கையால் பிடிக்க அந்தக் கையில் விரல் போதாது. அவர் சிரித்துக்கொண்டே, "பழகிடிச்சிங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் மானேஜரிடம் போனேன். முதலில் உண்மையைத்தான் பேசினேன். "என் மாப்பிள்ளைய அந்த மிஷின்லேர்ந்து மாத்தி வேற எடத்துல போடுங்க சார்" என்றேன். "பயமா இருந்தா வேற வேல தேடிக்கச் சொல்லுங்க. கேட்டாண்ட நூறு பேர் நிக்கறான்" என்றார். உண்மைக்கு அங்கே அவ்வளவுதான் மதிப்பு. வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். வலிப்பு என்ற வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பேக்கிங் வேலைக்கு மாற்றுவார்கள் என்று நினைத்தேன். ஒரேயடியாகக் கேட்டுக்கு வெளியே தள்ளுவார்கள் என்று நினைக்கவில்லை.

கோர்ட்டில் இதைச் சொல்லியிருப்பேன். பின் பெஞ்சில் மானேஜர் இருந்தார். கம்பெனியைக் குறை சொன்னால் உங்களுக்குத்தான் வினை. அதனால் பழியைக் கிரேஸ் மேலுள்ள பாசத்தின் தலையில் போட்டேன்.

மூப்பர் பதவி போய்விட்டது. இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறேன். காற்று நன்றாக வருகிறது.

இனி உங்களை மிஷினை விடச் சொல்லமாட்டேன். அது நீங்கள் தேடிக்கொண்ட வேலை. வழக்குப் போட்டு மீட்டுக்கொண்ட வேலை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வாரம் ஒரு கடிதம் போடுங்கள். கிரேஸை எழுதச் சொல்ல வேண்டாம், உங்கள் கையாலேயே எழுதுங்கள். செய்தி எதுவும் வேண்டாம். எழுத்தைப் பார்த்தால் போதும். அடுத்த கடிதம் வரை நான் நிம்மதியாக இருப்பேன்.

ஆசீர்வாதம்


மணவாள நகர்,
5-8-1974

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த வாரம் செய்தி எதுவும் இல்லை.

உங்கள் கடிதத்தைக் கிரேஸிடம் படித்துக் காட்டினேன். டம்ளர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியை அவளே வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "நைனா ஒரு கைய மட்டுந்தான் கேட்டிருக்காரு. உனக்கு ரெண்டு கை கீதே?" என்றாள். அதனால் இதுவரை எழுதியது வலது கை. கீழே வருவது இடது கை. எழுத்து கோணிக்கொண்டு போவது பழக்கம் இல்லாததால்தான், வேறு எதனாலும் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமா சாப்டீங்களா